தனி உலை

அண்ணனை அடக்கம் செய்த அன்று அங்கே பனி கொட்டியதாக அவன் மகள் பிரான்சிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். வந்தவர்களுக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். துக்க வீட்டில் கேட்கத் தகுந்த கேள்வியா அது என்று தெரியவில்லை. வேறு எதையும் கேட்க என்னால் இயலவில்லை. உப்பில் ஊறிய மாட்டிறைச்சியைக் காய்கறிகளோடு அவித்துப் பரிமாறியதாகவும், அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அதுதான் பிடிக்கும் என்றும் சொன்னாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அந்த உணவு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து. புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை அடுத்த எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காகிதத்தில் மட்டும் பிரெஞ்சுக்காரன் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. அம்மாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். பட்டாளத்துக்காரர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். ஊருக்கு அவர் சொல்தா, எங்களுக்கு மாமா. பிள்ளை இல்லாதவர். அவர் பிரான்சுக்கே குடிபோவதென்றும், எங்களில் மூத்தவனைத் தம் பிள்ளையாகக் கூட்டிப் போவதென்றும் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அது அண்ணனுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாதென்று அவனுக்கு உத்தரவு. எனக்கு எவரும் சொல்லவில்லை. நான் கண்டதெல்லாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு மட்டும் தனி உலை ஏறியதுதான்.

மாட்டுக்கறி எங்களுக்குப் புதிதன்று. மிளகாயும் மல்லியும் அரைத்துக் குழம்பு வைப்போம். மிஞ்சினால் உப்புக்கண்டமாக வெயிலில் காயும். இதுவோ வெயிலையே பார்க்காத கறி. மாமா புதுச்சேரியிலிருந்து வாங்கி வரும் கொழுத்த நெஞ்சுக்கறியை அம்மா சாடியில் கல்லுப்புக் கரைசலுக்குள் அமிழ்த்தி, மேலே பழைய அம்மிக் குழவியைப் பாரமாக வைப்பாள். அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அதை எடுத்து அலசி, மிளகும் கிராம்பும் பிரிஞ்சி இலையும் சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுவாள். தளதளவென்று கொதித்துவிடக் கூடாது. பொங்கும் நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கறி மெத்தென்று ஆன பிறகே காய்கள்: கேரட்டும் நூல்கோலும் முதலில், பிறகு உருளைக்கிழங்கு, கடைசியில் நான்காகப் பிளந்த முட்டைக்கோசு. எங்கள் வீட்டில் வேறு எதுவும் இவ்வளவு பொறுமையாக வெந்ததில்லை. அந்தப் பொறுமைதான் என்னை எரித்தது.

கரும்புக் கொல்லையிலிருந்து வந்த அப்பா ஒருமுறை பானையை எட்டிப் பார்த்தார். “இன்னாடி இது, ஆஸ்பத்திரி கஞ்சியா?”

“ஒங்களுக்கில்ல. கைகாலக் கழுவினு வாங்க.”

“மொளகா வாசன கூடப் படக் கூடாதுக்கா,” என்றார் மாமா. “இப்பவே பழகினாத்தான் அங்க போயி—” என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் ஊரில் இருந்த கடைசி ஞாயிறு எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. அண்ணன் தட்டில் ஆவி பறக்கும் கறித்துண்டு. அருகே, தாளிக்காமல் பச்சையாக அரைத்த கடுகு. கையில், எனக்கு மறுக்கப்பட்ட முள்கரண்டி.

“எனக்கும் அது வோணும்.”

“ஒனக்கு அது வாணாம்டா.”

“அவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு?”

அம்மா சட்டியைத் துழாவிப் பெரிய கருவாட்டுத் துண்டாகப் பார்த்து என் சோற்றில் வைத்தாள். ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா கை கழுவ எழுந்து போனதும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தான். “டேய், கொஞ்சூண்டு கொழம்பு ஊத்துடா.”

அத்தனையையும் தன் தட்டில் வைத்துக்கொண்டு என்னுடையதற்கும் ஆசைப்படுகிறான். நான் தட்டை நகர்த்துவதற்குள் அவன் விரல் குழம்பைத் தொட்டுவிட்டது. அம்மா அவன் புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். தனி உலை ஏறத் தொடங்கியதிலிருந்து அவன் வாங்கிய ஒரே அடி. அவன் விரலை நக்கவுமில்லை, துடைக்கவுமில்லை. குழம்போடு மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கேரட்டைக் குத்தி எடுத்தான். கருவாடு எனக்கு அன்றைக்குத்தான் அவ்வளவு ருசித்தது.

அந்த வாரமே மாமாவோடு அவன் புறப்பட்டான். பட்டணம் பார்க்கப் போகிறான் என்றார்கள். அவன் காலில் புதுச் சப்பாத்து இருந்தது. பஸ் மறையும் வரை நான் அதையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

சாடியில் கறி ஊறிக் கிடந்தது. ஞாயிறன்று அம்மா அதை வழக்கம்போலவே அலசி, வழக்கம்போலவே நுரை எடுத்து வேகவைத்தாள். அன்று அது முழுவதும் எனக்கு வந்தது. முள்கரண்டியும் வந்தது. ஒரு துண்டைக் குத்தி வாயில் வைத்தேன். சப்பென்றிருந்தது, காட்டிக்கொள்ளாமல் மென்றேன்.

அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். “காரம் இல்லாம துன்ன முடியுதாடா ஒன்னால?”

“முடியுது. நல்லாருக்குது.”

அம்மா எழுந்து போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கி வந்து, கறியும் கோசும் கண்ணுக்குத் தெரியாதபடி என் தட்டு நிறைய ஊற்றினாள். முள்கரண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீ இதுக்குப் பழக வாணாம். இப்ப துன்னு.”

நான் அழுதேன். அண்ணன் ஊரில் இல்லாதபோதும், அவனுக்குரியதை அப்படியே எனக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.