முன்பாரில் ஒரு குட்டி சீட்டு

பூசணிக்காய்க்குத் துண்டு கட்டி, சைக்கிளில் உட்காரவைத்து, ஊரைச் சுற்றிக் காட்டிய ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயது. பாலக்கோட்டில் ஒரு ஆபீசில் கிளார்க். வீடு அங்கிருந்து மூன்று மைல் தள்ளி, ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில். என் மனைவிக்கு அந்த வருடம்தான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அவள் பள்ளிக்கூடம் எதிர்த்திசையில். நான் மேற்கே போனால் அவள் கிழக்கே போக வேண்டும். நடுவில் இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் இருவரின் பெற்றோரும் பென்னாகரம் பக்கம் காட்டு வேலையை விட்டு வர முடியாதவர்கள். பாலக்கோட்டில் சிஸ்டர்கள் நடத்திய சின்னப் பிள்ளைகள் பள்ளி ஒன்று இருந்தது. பாப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டால்தான் என் மனைவி வேலைக்குப் போக முடியும். விடாவிட்டால் முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

முதல் மாதம் நான் பாப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போனேன். காலையில் பாலக்கோட்டுக்குப் போக எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பஸ். தக்காளிக் கூடைகளும் கூலி வேலைக்குப் போகிற ஆட்களுமாக நிறைந்துதான் வரும். ரொம்ப நிறைந்திருந்தால் நிற்காது. டிரைவர் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போவார். அப்படி அவர் கையாட்டிய நாட்களில் எல்லாம் பாப்பா வீட்டுக்குத் திரும்பினாள், என் மனைவி லீவு போட்டாள். மூன்றாவது லீவில் அவள் ஹெட்மாஸ்டர் சொன்னாராம்:

"டீச்சர், வேலயா கொழந்தயா, ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணிக்குங்க."

அன்று சாயங்காலம்தான் நான் சைக்கிள் கடைக்குப் போனேன். முன்பாரில் மாட்டுகிற குட்டி சீட்டு ஒன்று அங்கே ரொம்ப நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பியில் செய்து, மேலே ரெக்சின் தைத்தது. கடைக்காரர் அதன் தூசியை ஊதிக்கொண்டே, "சார், மெட்ராஸ்ல டாக்டருங்க புள்ளைங்களே இதுலதான் போவுது" என்றார். மெட்ராஸ் டாக்டர்கள் எதற்குத் தம் பிள்ளைகளை சைக்கிளில் ஏற்றுகிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் அவள் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இதுல புள்ளய வெச்சி மூணு மைலு போவீங்களா?"

"ஏன், போனா என்ன? மெட்ராஸ்ல..."

"மெட்ராஸ் இருக்கட்டுங்க. நம்ம ஏரிக்கரை எறக்கத்துல நீங்க ஒருத்தரு போறப்பவே எனக்குப் பயமா இருக்குது."

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று புரிந்தது. மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கொல்லையில் வேலிமேல் படர்ந்திருந்த பூசணிக்கொடியைப் பார்த்தேன். பாப்பா கனத்துக்கு ஒன்று கிடைத்தது. அறுத்துவந்து சீட்டில் வைத்து, துண்டால் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறி மிதித்தேன். ஏரிக்கரை இறக்கத்தில் வேண்டுமென்றே பிரேக் பிடிக்காமல் விட்டேன். குழியில் இறக்கி ஏற்றினேன். டீக்கடையில் நிறுத்தியபோது கடைக்காரர் சீட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"டீ ஒண்ணா சார், ரெண்டா?"

சிரிப்புச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் வீடு வந்து சேர்ந்தேன். காயில் ஒரு கீறல் இல்லை. ஜெயித்த ஆள் போல மிடுக்காக அதை அவள் முன்னால் இறக்கி வைத்தேன்.

"பாத்துக்க. ஆடல, அசங்கல."

அவள் காயைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாஞ் சரிங்க. இதுக்குக் காலு எங்க?"

அடுத்த தெருவில் ஒரு பையன், அப்பா சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகும்போது குதிகாலை ஸ்போக்ஸ் கம்பிக்குள் விட்டுவிட்டான். ஒரு வருடமாக நொண்டிக்கொண்டிருந்தான். அவள் தினமும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அவன் ஞாபகமே வரவில்லை. பூசணிக்காயைப் பார்க்கும்போது காலைப் பற்றி நினைக்கிற புத்தி எனக்கு இல்லை.

அன்று முழுக்க விவாதம்தான். ஆனால் இப்போது அவள் சீட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்படிப்பட்ட சீட்டு என்று சொன்னாள். கால் வைக்க இரண்டு பக்கமும் கட்டை வேண்டும். சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவில் தகடு வேண்டும். பிள்ளையைக் கட்ட வேண்டும்.

கட்டுவதில்தான் நான் முரண்டு பிடித்தேன். என் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியில் யாரையும் பிடித்துக் கட்டக்கூடாது, குடை சாய்ந்தால் குதிக்க வழி வேண்டும் என்பது அவர் சட்டம். அதையே எடுத்துவிட்டேன்.

"கட்டிப்போட்டா எப்பிடிக் குதிக்கறது?"

"யாரு குதிக்கறது?"

"பாப்பாதான்."

"ரெண்டரை வயசுப் புள்ள, ஓடற சைக்கிள்ல இருந்து எட்டிக் குதிக்குமா? நீங்க குதிப்பீங்க. அது எங்கிட்டுப் போவும்?"

எண்ணெய் டின்னை வெட்டித் தகடு செய்தோம். அதன் ஓரம் கையைக் கிழிக்கும் என்று அவளே பழைய டியூபை அறுத்து ஓரத்தைச் சுற்றிலும் பொதிந்தாள். பழைய நூல் சேலையில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, மடித்துத் தைத்து ஒரு பட்டை. தோள் வழியாக இரண்டு, இடுப்பில் ஒன்று, மூன்று முடிச்சு. எல்லாம் முடிந்தபோது அது சீட்டு மாதிரியே இல்லை, கருவாட்டுக் கூடை மாதிரி இருந்தது. சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் டாக்டர்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் போனோம். காலையில் அவள் முடிச்சுப் போடுவாள், பாலக்கோட்டில் சிஸ்டர் அவிழ்ப்பார். சாயங்காலம் சிஸ்டர் முடிச்சு, வீட்டில் அவள் அவிழ்ப்பாள். முடிச்சில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. ஹெட்மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். பாப்பாவுக்கு பெல் அடிக்கிற வேலை. நாய், கோழி, மைல்கல், எதைப் பார்த்தாலும் அடிப்பாள்.

பிறகு கரும்பு சீசன் வந்தது.

எங்கள் பக்கத்து ரோட்டில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக ஆலைக்குப் போகும். பின்னால் சைக்கிளில் போகிறவர்கள் ஒரு கழியை உருவுவது வழக்கம். பெரிய ஆபீஸ்காரர்கள்கூட உருவுவார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. அதற்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. இடக்கையால் கரும்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு மிதிப்பதை நிறுத்திவிட வேண்டும். வண்டி தன்பாட்டுக்கு முன்னால் போகும், கரும்பு தானாக வெளியே வந்துவிடும். இதில் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு நல்ல பெயர்.

அன்று காலை வண்டி ஒன்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். பாப்பா பெல் அடித்தாள். "அப்பா, கலும்பு."

வேறு யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். யோசித்திருக்க மாட்டேன். கையை நீட்டினேன், நுனியைப் பிடித்தேன், மிதிப்பதை நிறுத்தினேன். கரும்பு வரவில்லை. அந்த வண்டிக்காரர் விவரமானவர், நுனியில் இருந்த சோகை இலைகளை எல்லாம் சேர்த்து முறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். நான் விட்டிருக்கலாம். விடவில்லை. பிள்ளை முன்னால் தோற்கக் கூடாது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி போனது, கூடவே என் கை போனது, கையோடு நான் போனேன், என்னோடு சைக்கிள் இடப்பக்கமாகச் சாய்ந்தது.

விழுந்து கண் திறந்தபோது சைக்கிள் என்மேல் கிடந்தது. பாப்பா சீட்டில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். தகடு உள்பக்கமாக நெளிந்திருந்தது. அதற்கு அந்தப்புறம் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப்புறம் அவள் கால், கட்டைமேல், வைத்தது வைத்தபடி. அவள் அழவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "கலும்பு எங்க?" என்றாள்.

வண்டிக்காரர் இறங்கி ஓடிவந்தார். "யோவ், கேட்டா நானே ஒண்ணு உருவிக் குடுத்திருப்பனேய்யா! கொழந்தய முன்னால வெச்சிக்கிட்டு செய்யற வேலயா இது?" என்று கத்திக்கொண்டே சைக்கிளை நிமிர்த்தினார். அவருக்கு முடிச்சு அவிழவில்லை. பாப்பாவை சீட்டோடு அப்படியே விட்டுவிட்டு, அவள் கையில் ஒரு முழுக் கழியைக் கொடுத்தார். என் இடது மணிக்கட்டு அதற்குள் பன்னு மாதிரி உப்பியிருந்தது.

ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். ஆட்டு மந்தை குறுக்கே வந்துவிட்டது என்று சொல்வதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். எத்தனை ஆடு என்றுகூட முடிவு செய்துவிட்டேன். என் மனைவி கிழக்கே போகும் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கரும்புக்கழியைத் தூக்கிக் காட்டிப் பாப்பா சொன்னாள்:

"அப்பா வண்டிய இழுத்தாங்க. வண்டி அப்பாவ இழுத்துச்சு."

அதற்குமேல் ஆடுகளுக்கு வேலை இல்லை. அவள் ரோட்டிலேயே மண்டிபோட்டு மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். பாப்பாவின் செருப்பைக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாவது முறையும் தொட்டுப் பார்த்தாள். அவள் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிவிட்டார். நாற்பது நாள் சைக்கிளைத் தொடக்கூடாது. ஒரு கையால் பிள்ளையையும் பஸ் கம்பியையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஆகவே அந்த நாற்பது நாளும் பாப்பாவைக் கொண்டுபோய் விட்டது அவள்தான். விடிந்தும் விடியாமலும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே போய், சிஸ்டர்களிடம் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அதே வழியாகக் கிழக்கே வந்து, பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்த பிறகு நுழைவாள். காலை பஸ் நின்றால் ஓடிப்போய் ஏறுவாள். இடம் கிடைக்காத நாட்களில் படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள். நான் கட்டுக் கையோடு ரோட்டில் நின்று, பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வளைவில் திரும்புவதைப் பார்ப்பேன். பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், பஸ் எவ்வளவு சாய்கிறது என்று.

அது தவக்காலம். சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"கரும்பு திருடப் பாத்தேன் சாமி."

"எத்தன?"

"ஒண்ணுகூட வரல சாமி."

பலகைக்கு அந்தப்பக்கம் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பா சளியா தெரியவில்லை. "சரி, வேற?" என்றார். வேறு ஒன்று இருந்தது. ஆனால் பெற்ற பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு கையை விட்டது பத்துக் கட்டளையில் எதில் வரும் என்று தெரியாமல், அவர் சொன்ன ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின வாரம் ஹெட்மாஸ்டர் மறுபடி வாயைத் திறந்தார். வருகிற திங்கட்கிழமை முதல் பிரேயருக்கு வராவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். அதை அவள் என்னிடம் சொன்னது சோறு போட்டுக்கொண்டே, ஊர்க் கதை சொல்வதுபோல. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. சைக்கிளில் கூட்டிப்போங்கள் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கைக்கட்டுப் பிரிந்தாலும் கேட்கிற யோக்கியதை எனக்குத் திரும்பி வராது.

ஆனால் கட்டுப் பிரித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெளிந்த தகட்டைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். பிரேக் கட்டையை மாற்றினேன். அவள் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். நான் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். பஸ் வந்தது, அதிசயமாக நின்றது. படியில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுங்க டீச்சர், சீக்கிரம்!" என்றார் கண்டக்டர்.

அவள் படியைப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். திரும்பி என் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கண்டக்டரிடம், "நீங்க போங்க" என்றாள்.

பஸ் போனது. அவள் பாப்பாவைச் சீட்டில் இறக்கி, கால்களைக் கட்டைமேல் வைத்து, பட்டையை எடுத்தாள். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அந்த டிரைவரு யாரு எவருன்னே தெரியாது. ராத்திரி தூங்குனாரா முழிச்சாரா, அதுவுந் தெரியாது. அவர நாப்பது நாளு நம்புன. என்னை நம்பறதுக்கு மட்டும் இத்தன யோசனையா?"

அவள் மூன்றாவது முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

"அவரத் தெரியாதுங்க, அதனால நம்ப முடிஞ்சிது. உங்களத் தெரியுமே."