நாக்கில் வைத்த கல்

போன ஞாயிறு, மாகறல் போகும் வழியில் ஒரு கிராமத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். மணற்கல்லில் கட்டிய பழைய கோயில். என் கழுத்து மரு உதிர்ந்ததற்கு நன்றி சொல்ல நான். கல் பார்க்க என் நண்பர் — காலேஜில் ஜியாலஜி புரொபசர்.

உள்ளே நுழைந்தால் ஒரே கூச்சல்.

மண்டபத்தில் ஒரு தூண், முழங்கால் உயரம் வரை உதிர்ந்து கிடந்தது. விரல் பட்டாலே மணலாகக் கொட்டுகிறது. மற்ற தூண்கள் கல்லாகவே நிற்கின்றன. பத்து வருஷத்துக்கு முன் திருப்பணியில் அந்தத் தூணைக் கழற்றி நிறுத்திய கல்தச்சர் முனுசாமியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். எதிரே தரையில் சூடம் எரிந்தது.

“பழங்கல்லை வித்துட்டு சொத்தைக் கல்லை வெச்சுட்டான்பா! கேட்டுக்கினே இருக்கோம், வாயத் தொறக்கறானா பாரு” என்றார் தர்மகர்த்தா. “மாத்தலைன்னா சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுடா!”

முனுசாமி கையை நீட்டவில்லை. “நான் மாத்தலைங்க. ஆனா என் பொண்ணு மாசமா இருக்குது... இந்த நேரத்துல சத்தியம் பண்ண பயமா இருக்குதுங்க.”

போதாதா? தயங்கினால் திருடன்! கூட்டத்துக்கு ஆள் கிடைத்தால் சரி, காரணம் யாருக்கு வேண்டும்? யாரோ அவரைச் சூடத்தை நோக்கித் தள்ளினார்கள். நான் வாயைத் திறந்தேனா? இல்லை.

“ஒரு நிமிஷம் இருங்க” என்றார் நண்பர்.

உதிர்ந்த அடியிலிருந்து ஒரு சில்லு, கழற்றாத பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சில்லு. லென்ஸை வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே பாறை. எந்தக் காலத்திலேயோ ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல். மணல் துகளோட உருண்டை வடிவம், நடுவுல பிடிச்சிருக்கிற செந்நிறம் எல்லாம் ஒண்ணுதான். இவர் கல்லை மாத்தலை.”

“அப்ப இது மட்டும் ஏன் உதிருது?” தர்மகர்த்தா விடவில்லை.

நண்பர் உதிர்ந்த சில்லை நாக்கில் வைத்தார். கூட்டம் முகம் சுளித்தது.

“உப்பு! மழைத் தண்ணியில கரைஞ்சு கல்லுக்குள்ள ஏறியிருக்கு. காயறப்போ உறைஞ்சு, மணலை ஒவ்வொண்ணா நெட்டித் தள்ளுது. இங்க உப்பு எப்படி வந்துது?”

எல்லோருக்கும் தெரியும். மரு உதிர வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் குளத்தில் கரைப்பது வழக்கம். குளம் வற்றிய பிறகு, ஊரே அந்தத் தூணடியில்தான் கொட்டுகிறது!

சூடம் தானாக எரிந்து அணைந்தது. முனுசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். தர்மகர்த்தா ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. நானும்தான்.

நான் ஏன் கேட்க வேண்டும் என்கிறீர்களா? போன வருஷம் என் மருவுக்காக அங்கே இரண்டு படி உப்பு கொட்டியவன் நான். அன்றைக்கும் பையில் ஒரு படி வைத்திருந்தேன்... வெட்கமாக இருந்தது. மூச்சு விடாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த உப்பு இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. எடுத்துச் சமையலில் போடக் கை வரவில்லை.