தலைவலி வரட்டும் என்றார்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை நாள் ஒன்றில், திருப்பூர் பக்கத்து அரசு மருத்துவமனையில் நடந்தது இது. சுகாதாரத் துறை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பு தள்ளிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும் என்பது மனப்பாடம். அந்தத் திமிரோடுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போனேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை மறைப்பவரல்ல. ஊர் மாறியதில், மாத்திரை தரும் மையத்தை மாற்றும் சீட்டு வந்து சேராமல் பல மாதம் மாத்திரை நின்றுபோயிருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை அதலபாதாளத்தில். மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் பூஞ்சை ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதினார்.

ஆய்வகத்தில் இருந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். “தலைவலி, காய்ச்சல் ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்லீங்கல்ல? வந்தா வாங்க, பாத்துக்கலாம். டெஸ்ட் கிட்டு கொஞ்சந்தானுங்க இருக்குது.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இருப்பு குறைவென்றால் அவசரக்காரருக்கு முன்னுரிமை. இப்படி எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன்! “வாம்மா, போலாம்” என்றேன்.

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போங்க சார். டெஸ்ட் எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன். பீஸ் கப்பல் ஏறுன பொறவா நாங்க ஓட்டையத் தேடுதோம்? ஒவ்வொண்ணையும் லைட்டுக்கு அடியில விரிச்சுப் பாத்துட்டுத்தான பெட்டியில போடுதோம்? பனியனுக்கு உள்ள மரியாத எனக்குக் கெடையாதா?”

ஆய்வகத்தார் என் பக்கம் திரும்பினார். “ரூல்ஸ் தெரிஞ்சவருங்க நீங்க. சொல்லிக் கூட்டிட்டுப் போங்க சார்.”

ரூல்ஸைத் தேடி என் கண் அவர் தலைக்கு மேலே போனது. சுவரில் பழுப்பேறிய ஒரு சுற்றறிக்கை: சிடி4 குறைந்தவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கீழே ‘தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்’ என்ற முத்திரை. அதன் அடியில் என் சுருக்கொப்பம். படிக்காமலே எல்லா மையத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்!

அதைப் பிய்த்து மேசையில் வைத்தேன். “கையெழுத்து என்னுதுங்க. அனுப்புன நானும் படிக்கல, ஒட்டுன நீங்களும் படிக்கல. கிட்டு வெளிய வர்ற வரைக்கும் நானும் இங்கயே இருக்கறேன்” என்று பெஞ்சில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிட்டு வெளியே வந்தது. ரத்தத்தில் பூஞ்சை இருந்தது. முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையை இன்னும் தொட்டிருக்கவில்லை. பூஞ்சைக்கு மாத்திரை, சில வாரம் கழித்து எச்.ஐ.வி. மாத்திரை. இன்று அவர் அதே லைட்டுக்கு அடியில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறார்.

‘தொந்தரவு வந்தால் வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் எழுந்து வருவதில்லை. உட்கார்ந்து, சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன்.