அங்கீகாரம் கேட்ட பாகூர் விருந்து

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். புதுச்சேரியில் மாறி வில்லியனூரில் இறங்கியபோது ஒன்பதைத் தாண்டியிருந்தது. பாகூரில் கயல்விழிக்கு வழியனுப்பு விருந்து. கல்லூரி விடுதியில் எனக்கு ஓராண்டு இளையவளான அவளும் என்னைப் போலவே பிசியோதெரபி பட்டதாரி. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சீர்செய்யும் கைரோபிராக்டிக் மருத்துவம் பயில, அடுத்த வாரம் வெளிநாடு செல்லவிருந்தாள். அவள் குடும்பத்தில் விமானம் ஏறப்போகும் முதல் ஆள் அவள்தான்.

ஒரே ஓர் ஐயம் மிச்சமிருந்தது. அவள் சேரவிருந்த கல்லூரியின் படிப்புக்குப் பன்னாட்டு அங்கீகாரம் உண்டா என்று கேட்டபோதெல்லாம், கல்லூரியிலிருந்து "கிடைத்துவிடும்" என்ற பதிலே வந்தது. அங்கீகாரம் வழங்கும் அவைக்கே எழுதிக் கேட்கும்படி என்னிடம் சொல்லியிருந்தாள், நானும் எழுதியிருந்தேன்.

அவளுடைய தாய்மாமன் முருகையன் சொல்லிவைத்திருந்த ரோஜா மாலையைக் கோயில் தெருவில் வாங்கிக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் செல்லும் பேருந்தில் அமர்ந்தேன். கட்டணம் பதினைந்து ரூபாய். நடத்துநர் மாலையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மாப்பிள்ளைக்கா?"

"படிக்கப் போற பொண்ணுக்கு."

"அப்போ மடியிலயே வெச்சுக்கம்மா. சீட்ல வெச்சா அதுக்கும் டிக்கெட் கிழிக்கணும்."

கரும்புத் தோட்டங்கள் விலகி நெல்வயல்கள் விரியத் தொடங்கிய இடத்தில் கைபேசி அதிர்ந்தது. அவையின் பதில்! அந்தக் கல்லூரி விண்ணப்பித்திருக்கிறது. மதிப்பீட்டுக் குழு இனிமேல்தான் நேரில் வரும். முடிவு என்னவாகும் என்று இப்போது உறுதி சொல்ல இயலாது. இரண்டு முறை படித்தேன். அதை மோசடிக் கல்லூரி என்று சொல்ல முடியாது. நாளையே தகுதி பெறவும் கூடும். ஆனால் அங்கீகாரம் கிடைக்காமலே போனால், அவளுடைய பட்டம் பல நாடுகளில் உரிமத் தேர்வுக்கு ஏற்கப்படாது. அதைவிடப் பெரிய கவலை வேறு: பயிற்சியின் தரத்தை வெளியார் எவரும் சோதித்திராத ஒரு கை, ஒருவரின் கழுத்தைத் திருப்பப்போகிறது.

பத்தரை மணி. தெரு முனையிலேயே கயல்விழியின் படம் போட்ட பிளெக்ஸ், கல்லூரிப் பெயரோடும் உறவினர்கள் அத்தனை பேரின் முகங்களோடும் என்னை வரவேற்றது. முருகையன் பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு விடுபவர். மருமகள் விருந்தில் இரண்டிலும் குறை வைக்கவில்லை. சாப்பாடு முடியட்டும் என்று காத்திருக்கலாமா என ஒரு கணம் யோசித்தேன். அத்தனை பேர் வாழ்த்திய பிறகு அவளால் எப்படி மறுக்க முடியும்? பிரியாணி அண்டாவின் அருகே அவளைத் தனியே அழைத்துக் கைபேசியைக் கொடுத்தேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம். ஆனா ஒரு பேஷண்ட தொடுறதுக்கு லைசென்ஸ் கிடைக்குமான்னு தெரியாது. அதானேக்கா?"

"ஆமா. இன்னொரு காலேஜ்லயும் இடம் கிடைச்சிருந்துதே?"

"அதுக்கு அங்கீகாரம் இருக்கு. ஆறு மாசம் கழிச்சுத்தான் கிளாஸ். அவ்ளோ நாள் வூட்ல சும்மாவான்னு மாமாதான் வேணான்னாரு."

அங்கே வந்த முருகையன் விஷயம் தெரிந்ததும் முகம் இறுகினார். "பிரியாணிக்கு தம் போட்டாச்சு. ஊரே வந்து குந்திக்கினு கீது. இப்போ வந்து போகலன்றியா?"

"போறேன் மாமா. ஆனா அந்த காலேஜுக்கு இல்ல."

"பிளெக்ஸ்ல பேரு போட்டுக்கீறேனே!"

"என்னைக் கேட்டா போட்டீங்க?"

கேட்ட கையோடு கயல்விழி மைக்கை எடுத்துவிட்டாள். படிப்பு மாறவில்லை, கல்லூரிதான் மாறுகிறது என்றாள். சமைக்கிறவரே 'நல்லா இருக்கு' என்றால் போதாது, சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும் என்று அங்கீகாரத்தை ஒரே மூச்சில் விளக்கினாள்.

பந்தி வரிசையிலிருந்து ஓர் அத்தை குரல் கொடுத்தாள். "இன்னா முருகையா, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு பிரியாணியா?"

பந்தல் குலுங்கிச் சிரித்தது. முருகையன் சிரிக்கவில்லை. மாலையை என் கையிலிருந்து வாங்கி அவள் கழுத்தில் போட்டார். "பிரியாணி போடுவேன். இவ சரின்னு சொன்ன அப்புறம்."

சாப்பிட்டேன், அண்மைக் காலத்தில் இவ்வளவு மகிழ்ந்து சாப்பிட்டதில்லை. எங்கள் திண்டிவனத்திலும் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புகிறோம். விடுதிச் சாப்பாட்டை விசாரிப்போம், வேலை கிடைக்குமா என்று விசாரிப்போம். அந்தப் படிப்பை யார் சோதித்தார்கள் என்று எந்தப் பந்தலிலும் எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை.

மூன்று மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில், கயல்விழியுடன் நான் நின்றிருந்தபோது விருந்துக்கு வந்த ஒருவர் வேகமாக வந்தார். மகள் நர்சிங் சேரவிருக்கும் கல்லூரியின் பெயரைக் கைபேசியில் காட்டி, "இதுக்கும் இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். நான் கை நீட்டுவதற்குள் கயல்விழி முந்திக்கொண்டாள்.

"அக்காவுக்கு பஸ் வந்திடும். வாங்க, யாருக்கு எழுதணும்னு நான் சொல்றேன். கேள்வியை உங்க பொண்ணே கேக்கட்டும்."