பால்ம் என்றால் பனையல்ல

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் தின்பதற்கும் இப்போது அனுமதி வேண்டும். எட்டு வயது மகள் ஆரணி பைக்கற்றைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடியெழுத்துகளைக் குடிவரவு அதிகாரியைப்போல ஆறுதலாக, எழுத்தெழுத்தாக வாசிப்பாள். 'உய்ல் து பால்ம்' என்று பிரெஞ்சில் இருந்தால் கதை முடிந்தது. அது செம்பனை எண்ணெய், நாங்கள் பாம் ஒயில் என்பது. சொக்லேற், நூடில்ஸ், நான் குளிக்கும் சோப் என்று அது புகாத இடமில்லை. போன கிழமை என் முறுக்கும் பிடிபட்டது.

"இதிலயும் இருக்கு, அப்பா."

"முறுக்கு எங்கட சாமான், பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "ஒராங்குட்டானைக் காட்டில இருந்து கலைச்சது நீங்களோ?"

மொன்றியலில் என்மீது பல குற்றச்சாட்டுகள் உண்டு, பனி வழிக்கத் தெரியாதவன் என்பது உட்பட. இது புதிது. விசாரித்தேன். அன்று வகுப்பில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். போர்னியோவில் செம்பனைத் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டி வெளியாக்கிய இடத்தில், மிஞ்சிய ஒற்றை மரத்தில் ஒரு தாய் ஒராங்குட்டான் தன் குட்டியை அணைத்தபடி இருந்ததாம். பின்வரிசையில் ஒருத்தி, "உன் அப்பாவின் மரம்தானே!" என்றிருக்கிறாள்.

குற்றவாளி நான்தான். பெற்றோர் தங்கள் நாட்டைப்பற்றிச் சொல்ல வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் அழைத்தபோது, பனைக்குப் பிரெஞ்சில் 'பால்ம்' என்று நானே முடிவுகட்டி, யாழ்ப்பாணம் முழுக்கப் பால்ம், எங்கள் உயிரே பால்ம் என்று முழங்கிவிட்டு வந்தேன். ஆசிரியை ஏதோ கேட்டார். எனக்கு விளங்காத பிரெஞ்சுக் கேள்வி எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "வுய், மடாம்." ஆமாம் அம்மா என்று பொருள். அதிலிருந்து எண்ணெய் எடுப்பீர்களா என்றுதான் கேட்டிருக்கிறார்.

"அது வேற மரம், பிள்ளை. எங்கட பனையில ஆரும் எண்ணெய் எடுக்கிறேல்லை."

"அப்ப எங்கட பனைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

நடந்தது. சண்டைக் காலத்தில், பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்குவதற்காக எங்கள் வீட்டு வளவுப் பனைகளை ஒரே பகலில் தறித்தார்கள். சைக்கிளில் பாயையும் கேத்திலையும் கட்டிக்கொண்டு நாங்கள் வெளிக்கிட்டபோது ஒன்று மட்டும் நின்றது. இருந்த தூக்கணாங்குருவிகள் அத்தனையும் அந்த ஒன்றைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன்.

"பேந்து உங்களுக்குக் கனடா தந்தவை. ஒராங்குட்டானுக்கு ஆர் குடுத்தவை?"

வுய், மடாம் என்று சொல்லித் தப்ப முடியாத கேள்வி. வளவு போச்சே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே, இத்தனை வருடமாக இன்னொரு குடும்பத்தின் வளவை வெட்டியெடுத்த எண்ணெயில் பொரித்ததைத் தின்றிருக்கிறேன். முறுக்குப் பைக்கற்றை மடித்து வைத்தேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. பாதி ஏற்கெனவே வயிற்றில்.

வகுப்பில் காட்டவென்று பின்னேரம் ஒரு படம் கீறிக்கொண்டு வந்தாள். நான் சொன்னபடியே விசிறி ஓலைகள், தொங்கும் கூடுகள். உச்சியில் கம்பளித் தொப்பியோடு ஒரு ஒராங்குட்டான், மடியில் குட்டி.

"அது பனையில இருக்கிறேல்லை, பிள்ளை."

"தெரியும். வேற இடமில்லையெண்டு வந்திருக்கு."

மரத்தடியில் முழங்காலளவு வெண்பனி. கீழே, எனக்காகத் தமிழில் எழுதியிருந்தாள்: 'அப்பான்ர பனி.'

பனை என்று திருத்தப் பேனையைத் திறந்தேன். படத்தை இன்னொருமுறை பார்த்தேன். பேனையை மூடிவிட்டேன்.