சண்டிலிப்பாய்ச் சந்தையில் எங்கள் தரகர்

கறுப்புக் குடையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சண்டிலிப்பாய்ச் சந்தையில் கத்தரிக்காய்க் குவியல்களுக்கு நடுவே எங்கள் தரகர் நடந்துபோன அந்தப் பின்னேரம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை. வாயில் வெற்றிலை, தோளில் சால்வை, சட்டைப் பையில் இரண்டு பேனை. கண்டவர்கள் எவரும் கலியாணத் தரகர் என்றே சத்தியம் செய்வார்கள். உண்மையில் அவர் ஒரு கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவர். பின்னேரங்களில் எங்களோடு சேர்ந்து வீதி நாடகம் ஆடுகிறவர். நாடகத்தில் அவருக்குத் தரகர் வேடம். அந்தப் பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். ஒருமுறை அவருடைய வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவியே, "தரகர் குளிக்கிறார், இரும் பிள்ளை" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்கு மேடையும் இல்லை, திரையும் இல்லை. சந்தை, நாற்சந்தி, கோயில் வீதி என்று சனம் கூடும் இடத்தில் பறையைத் தட்டினால் வட்டம் சேர்ந்துவிடும். நடுவில் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் வட்டம் சிதறும். அது போனதும் ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தைத் தேடி வந்து நிற்பார்கள், நாங்களும் விட்ட வசனத்திலிருந்து தொடங்குவோம். நாடகம் டொனேசனைப் பற்றியது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம் ஒருபுறம் இருக்க, மாப்பிள்ளையின் பெற்றோர் கையில் தனியாகக் கொடுக்கும் காசுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்தக் காசு மாப்பிள்ளையின் தங்கையைக் கரைசேர்க்கப் போகும். அந்தத் தங்கையின் மாப்பிள்ளை வீட்டில் இன்னொரு தங்கை இருப்பாள். இப்படியே ஊர் முழுக்கச் சுற்றும். நாடகத்தில் நான் மணமகள். கடைசியில் நடுவீதியில் குந்தியிருந்து அழ வேண்டும். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரீச்சர் பின்னேரம் றோட்டில் குந்தி அழுகிறாள் என்று ஊர் கதைத்தது. கதைத்தவர்களும் பார்க்க வந்தார்கள்.

தரகருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாடகம் தொடங்குவதற்கு முன்பே வேடத்தோடு போய்ச் சனத்துக்குள் கலந்துவிடுவார். மரக்கறி விலை கேட்பார், யார் வீட்டில் கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிறது என்று விசாரிப்பார். பறை அடித்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து அவர் வெளிப்படும்போது, இவ்வளவு நேரமும் தங்களோடு கதைத்தவரா இவர் என்று சனம் வாய் பிளக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை. எங்களுக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அன்றைக்குச் சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்கார ஐயா அவரைப் பிடித்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிய, மெலிந்த மனிதர். மடியிலிருந்து மஞ்சள் பூசிய சாதகக் குறிப்பு ஒன்றை எடுத்துத் தரகரின் கையில் திணித்தார்.

"என்ரை மகளின்ரை குறிப்புத் தம்பி. நல்ல இடமாப் பாரும். வீடு வளவு இருக்கு. டொனேசன் குடுக்க மட்டும் என்னட்டை வழியில்லை."

தரகர் வேடத்திலிருந்து இறங்காமல், "அதுக்கென்ன ஐயா, பாப்பம்" என்று தலையாட்டினார். நாடகம் தொடங்கினால் ஐயாவுக்கு எல்லாம் விளங்கிவிடும், பிறகு சிரித்துக்கொண்டு குறிப்பைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது தரகரின் எண்ணம். ஆனால் ஐயா, "புகையிலைக்குத் தண்ணி மாறவேணும், போட்டு வாறன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாடகம் முடிந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பைச் சொல்லி முடியாது. ஒரு தகப்பன் ஏமாந்து, பெற்ற மகளின் குறிப்பையே கொடுத்துவிட்டாரென்றால் நடிப்புக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? தரகர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே விலாசம் விசாரித்து, குறிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார். போனவரை ஐயா கதிரை போட்டு இருத்தி, உழுந்து வடையும் தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார். வடையைத் தின்றுவிட்டு, தான் பொய்த் தரகர் என்று எப்படிச் சொல்வது? குறிப்போடேயே திரும்பி வந்தார். இரண்டாம் முறையும் அதுவே நடந்தது. அன்றைக்கு வடையோடு பாயாசமும் இருந்ததாம்.

"இனி வேறை வழியில்லை. இந்தப் பிள்ளைக்கு நாங்கள்தான் மாப்பிளை தேடவேணும்" என்றார் தரகர்.

தரகர்களைத் திட்டி நாடகம் போடுகிற கூட்டம் தரகு வேலையில் இறங்கியது. கரவெட்டி, பண்டத்தரிப்பு என்று ஆடப்போன ஊரெல்லாம் விசாரித்தோம். அலையத் தேவையில்லை என்றும் தோன்றியது. எங்கள் குழுவிலேயே கலியாணமாகாத இளைஞர்கள் இருந்தார்கள். ஊர் ஊராக, "டொனேசன் வாங்கோம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள்தானே! தரகர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர், "எனக்கு ஓம்தான், அம்மாவைத்தான் கேக்கவேணும்" என்றார். இன்னொருவருக்குத் தங்கைகள் இருந்தார்கள். பறையடிக்கிறவர் கடவுளையே நம்பாதவர். அவருக்குத் திடீரென்று செவ்வாய் தோஷம் வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை இருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்த என் அண்ணை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணைக்கு வரும் டொனேசனில்தான் எனக்குக் கலியாணம் என்று அம்மா எப்போதோ முடிவு கட்டியிருந்தா. தரகருக்கு இது நன்றாகத் தெரியும். எல்லோரையும் கேட்டவர் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஒரு சாட்டுச் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததுதான் என்னை வதைத்தது. பின்னேரம் பின்னேரமாக நடுவீதியில் குந்தி, "என்னை விலை பேசாதையுங்கோ" என்று அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய் அண்ணையின் விலைக்காகக் காத்திருப்பவள் நான்.

கரவெட்டியில் ஆடிவிட்டுச் சைக்கிளில் திரும்பும்போது சொல்லிவிட்டேன். "எங்கடை அண்ணையின்ரை குறிப்போடை பொருத்திப் பாருங்கோ."

தரகர் சைக்கிளை நிற்பாட்டினார். "யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ பிள்ளை? அது உம்மடை வாழ்க்கையெல்லோ?"

"ஓம். பாருங்கோ."

சாத்திரியார் பொருத்தம் நல்லது என்றார். அண்ணையிடம் சொன்னபோது, "உனக்கு என்ன வழி?" என்று கேட்டார். "பாப்பம்" என்றேன். அம்மாதான் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்து நடந்து ஏசினா. "தெருவிலை ஆடுறதைத் தெருவோடை விட்டிட்டு வாறதுக்கென்ன?" என்று கேட்டா. பெண் பார்க்க மட்டும் வருவதாகச் சொல்லி வெறுப்போடு வந்தவ, அந்தப் பிள்ளையோடு கதைத்துவிட்டுத் திரும்பி வரும்போது, எந்தக் கூறைச் சேலை எடுப்பது என்று கதைக்கத் தொடங்கினா.

என் கலியாணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பிந்தித்தான் நடந்தது. டொனேசன் இல்லையென்றதும் தேத்தண்ணியை ஆறவிட்டு எழுந்துபோனவர்களும் இருந்தார்கள். அந்த வருசங்களில் மனம் நொந்தது உண்மை. ஆனால் அண்ணையும் மச்சாளும் இன்றைக்கும் ஒரே தட்டில் முறுக்குக்குச் சண்டை பிடிப்பதைப் பார்க்கும்போது, நான் எதையும் இழக்கவில்லை என்றே படுகிறது.

கலியாணத்தன்று சாப்பாடு முடிந்ததும், தோட்டக்கார ஐயா முறைப்படி தரகரைக் கூப்பிட்டு ஒரு புது வேட்டியைத் தட்டத்தில் வைத்து நீட்டினார். தரகரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அம்மாவும் நானும் பக்கத்தில் நிற்கிறோம்.

"ஐயா, மன்னிக்கவேணும். நான் உண்மையான தரகர் இல்லை. நான் கூத்தாடி."

ஐயாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியும் தம்பி. குறிப்புத் தாறதுக்கு முதல் கிழமையே பண்டத்தரிப்பிலை உங்கடை கூத்தைப் பாத்திட்டன்."

தரகர் வசனத்தை மறந்து நின்றதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். ஐயா ஆறுதலாகச் சொன்னார்: "மற்றத் தரகர்மார் டொனேசன் எவ்வளவு எண்டுதான் முதல் கேட்டவை. அது வேண்டாமெண்டு சந்தியிலை நிண்டு கத்தினது நீங்கள்தான். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கத்தின ஆக்களுக்கு, என்னைப் பாத்து மாட்டமெண்டு சொல்ல ஏலுமோ? அதுதான் குறிப்பைத் தந்தனான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் நல்லாத்தான் ஆடினவை. ஆனா நான் நம்பினது இந்தப் பிள்ளையின்ரை அழுகையைத்தான்."

அம்மா என் கையைப் பிடித்தா. நான் எத்தனையோ சந்திகளில் அழுதிருக்கிறேன். அன்றைக்குத்தான் அடக்க முடியாமல் அழுதேன். தரகர் என்னை உற்றுப் பார்த்தார். பழக்கதோசம் விடவில்லை.

"இண்டைக்குத்தான் பிள்ளை, சரியா வந்திருக்கு" என்றார்.