கண்ணு படாத சொல்

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் ஒரே சொல்தான்: நைஸ். கோழிக்குழம்பு நைஸ், சொந்தக்காரர் கல்யாணம் நைஸ், லாரிக்குப் போட்ட புது டயரும் நைஸ். "நல்லா இருக்கு" என்று தமிழில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை.

தப்பு அவருடையது மட்டும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் அவருக்கு வேலை, ஊர் ஊராகப் போய் தண்ணீருக்குப் போர் போடுவது. குழியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் அவர்கள் வண்டியில் யாரும் "நல்லா வருது" என்று சொல்லிவிடக் கூடாதாம். சொன்னால் கண்ணு பட்டு ஊற்று அடைத்துக்கொள்ளுமாம். இங்கிலீஷில் சொன்னால் ஒன்றும் ஆகாதாம். கண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதில் அந்த வண்டியில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிற நான் இவர்களை என்ன செய்ய?

போன தையில், ஏழு மாதம் கழித்து மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தார். அதற்குள் மாடியில் ஓர் அறை கட்டி முடித்திருந்தேன். போனில்கூடக் காட்டவில்லை. ஜன்னல் எங்கே வைப்பது என்பதிலிருந்து சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் வரை எல்லாம் என் முடிவு. ஆத்தூரிலிருந்து வந்த என் அம்மாவும் கொத்தனாரும் சேர்ந்து முகம் சுளித்த மஞ்சள் அது. இவருக்காவது பிடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே மாடிக்குக் கூப்பிட்டேன். மேலே வந்தார், சுற்றிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார்.

"நைஸு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனில் அகராதியைத் திறந்து பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். லத்தீனில் அந்தச் சொல்லின் மூலத்துக்கு 'ஒன்றும் தெரியாத' என்று பொருள். இங்கிலீஷுக்குள் நுழைந்தபோது 'முட்டாள்தனமான'. அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிற, நுணுக்கமான என்று பல வேஷம் கட்டி, கடைசியில்தான் நல்ல பிள்ளை ஆனது.

"ஏழு மாசம் நான் பாடுபட்டுக் கட்டுனதை முட்டாள்தனம்னு சொல்றீங்களா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே! பொண்ணு பாத்துட்டு ஊட்டுக்கு வந்து, எங்கம்மாகிட்ட உன்னையும் அப்படித்தான புள்ள சொன்னேன்!"

"தமிழ்ல சொல்றதுக்கு என்னங்க? வாய் வலிக்குமா?"

என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "சொல்லியிருந்தா கண்ணு பட்டிருக்கும். நீ எனக்குக் கெடைக்காமப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர் பிடித்திருக்கிறதா என்று கேட்கவே மறந்துபோனேன்.